தண்ணீர்மலை சொல்லும் பாடம்

பினாங்குத் தமிழர்களுக்குத் தண்ணீர்மலை என்றதும் தைப்பூசம்தான் நினைவுக்கு வரும். ஆனால், அம்மலைக்கு ஏன் அந்தப் பெயர் என்று நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. மலையின் அருகே அருவி ஒன்று பாய்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அந்த அருவி நீர் ஜார்ஜ்டவுன் நகருக்குக் கொண்டுவரப்பட்டது. துறைமுகத்திற்கு வந்த கப்பல்களும் அந்நீரை நிரப்பிச் சென்றன.

மழைநீரைப் பெற்று ஓர் ஆற்றுக்கோ அணைக்கோ அனுப்பும் நிலப்பரப்பை நீர்ப்பிடிப்புப் பகுதி என்கிறோம். காட்டு மரங்களின் இலைகள் மழையின் வேகத்தைத் தணிக்கின்றன. வேர்கள் மண்ணை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. மண்ணுக்குள் இறங்கிய நீர், மழை நின்ற பிறகும் சிறிது சிறிதாக ஓடைகளில் கசிந்து வருகிறது. மரங்களை அழித்தால் மழைநீர் மண்ணையும் அரித்துக்கொண்டு பாயும். ஆறுகள் கலங்கும், அணைகளில் வண்டல் சேரும், தாழ்வான பகுதிகளில் வெள்ளம் ஏறும். ஆகவே, மலைக்காட்டைக் காப்பது நாம் குடிக்கும் நீரைக் காப்பதாகும்.

இந்த உண்மையை உணர்ந்து பினாங்கு மக்கள் ஒன்றுதிரண்ட வரலாறு உண்டு. கொடிமலையில் தங்கும் விடுதிகள், கோல்ப் திடல் முதலியவற்றை அமைக்க 1990ஆம் ஆண்டில் பெரிய திட்டம் ஒன்று முன்வைக்கப்பட்டது. இயற்கை ஆர்வலர்களும் பயனீட்டாளர்களும் ‘பினாங்குக் கொடிமலை நண்பர்கள்’ என்னும் பெயரில் இணைந்தனர். அவர்கள் பொதுமக்களிடம் கையெழுத்துத் திரட்டினர். மலைக்கு நேரக்கூடிய தீங்குகளைச் சான்றுகளோடு எடுத்துரைத்தனர். இறுதியில் அத்திட்டம் நிறைவேறவில்லை. 2021ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் கொடிமலையையும் அதைச் சார்ந்த பகுதிகளையும் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது.

மலையைக் காத்தால் மட்டும் போதுமா? அருவியிலிருந்து தெளிவாகப் புறப்படும் ஓடை, நகருக்குள் வந்து பினாங்கு ஆற்றோடு கலக்கிறது. வழியெங்கும் கால்வாய்கள் அதில் சேர்கின்றன. உணவுக்கடைகளின் எண்ணெய்க் கழிவு, சந்தைக் குப்பை, நெகிழிப் பைகள் ஆகியவை கால்வாய் வழியாக ஆற்றை அடைகின்றன. ‘நான் கால்வாயில்தானே போட்டேன், ஆற்றில் போடவில்லையே’ என்று எவரும் தப்பிக்க முடியாது. 1990களில் தொடங்கப்பட்ட ‘வாட்டர் வாட்ச் பினாங்கு’ என்னும் தன்னார்வ அமைப்பு இதனை மக்களுக்கு உணர்த்தி வருகிறது. மாணவர்களை ஆற்றங்கரைக்கே அழைத்துச் சென்று, நீரின் தன்மையைக் கண்டறியக் கற்றுக்கொடுக்கிறது.

நாம் அறிந்திருக்க வேண்டிய மற்றோர் உண்மையும் உண்டு. பினாங்கு மாநிலம் பயன்படுத்தும் நீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு மூடா ஆற்றிலிருந்து பெறப்படுகிறது. அந்த ஆற்றுக்கு நீர் தரும் உலு மூடா காடு கெடா மாநிலத்தில் உள்ளது. கெடாவில் மரம் சாய்ந்தால் அதன் விளைவு பினாங்கின் குழாயில் தெரியும். மாநில எல்லை வரைபடத்தில் இருக்கிறது. தண்ணீருக்கு அந்த எல்லை தெரியாது. ஆகையால், மேட்டுநிலத்தில் வாழ்வோரும் பள்ளத்தில் வாழ்வோரும் ஒருவர் நலனை மற்றவர் எண்ணிச் செயல்பட வேண்டும்.

மாணவர்களே, உங்கள் பங்கும் இதில் உண்டு. சமைத்த எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாமல் சேகரித்து, மறுபயனீட்டுக்குக் கொடுக்கலாம். ஒழுகும் குழாயை உடனே பழுதுபார்க்குமாறு பெற்றோரிடம் கூறலாம். குடியிருப்புப் பகுதியில் நடைபெறும் கூட்டுப்பணியில் கலந்துகொண்டு கால்வாயைத் துப்புரவு செய்யலாம். ஆற்று நீரின் நிறம் மாறினாலோ துர்நாற்றம் வீசினாலோ ஆசிரியரிடம் தெரிவித்து, உரிய துறைக்குப் புகார் செய்யலாம்.

அடுத்த தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தலில் ஒரு குவளை நீரை வாங்கும்போது, அந்த மலையைச் சற்று நிமிர்ந்து பாருங்கள். அந்தப் பெயரை மெய்யாக வைத்திருக்கும் பொறுப்பு இப்பொழுது நம்முடையது.