வீரருக்குக் காயம்... அணிக்கு லாபமா?

2021 ஜூலை. அமெரிக்காவின் 'டாம்பா பே லைட்னிங்' அணி, ஐஸ் ஹாக்கியின் உச்சப் பரிசான ஸ்டான்லி கோப்பையை வென்ற கொண்டாட்டம். அணியின் நட்சத்திர வீரர் நிகிடா குசெரோவ் ஒரு டி-ஷர்ட் அணிந்திருந்தார். சம்பள வரம்பைத் தாண்டி 1 கோடியே 80 லட்சம் டாலர் என்பதுதான் அதில் இருந்த வாசகத்தின் பொருள். எதிரணி ரசிகர்கள் புகாராகச் சொன்னதையே அவர் கேலியாக மார்பில் அணிந்துகொண்டார்.

ஆனால், அந்த அணி எந்த விதியையும் மீறவில்லை. அப்படியென்றால் இவ்வளவு கூடுதல் பணம் எப்படி வந்தது? வீரர்களின் காயங்களிலிருந்துதான்!

எல்லோருக்கும் ஒரே பர்ஸ்

வட அமெரிக்காவின் நேஷனல் ஹாக்கி லீக்கில் இப்போது 32 அணிகள் ஆடுகின்றன. பணக்கார அணிகளே நல்ல வீரர்களையெல்லாம் அள்ளிக்கொள்ளக் கூடாது என்பதற்காக, ஒவ்வோர் அணியும் வீரர்களின் சம்பளத்துக்கு இவ்வளவுதான் செலவிடலாம் என்று உச்சவரம்பு உண்டு. ஐ.பி.எல் ஏலத்தில் அணிகளின் பர்ஸுக்கு அளவு வைக்கிறார்களே, கிட்டத்தட்ட அதுபோல.

இந்த வரம்பு சுலபமாக வந்துவிடவில்லை. அணி உரிமையாளர்கள் வேண்டும் என்றார்கள். வீரர்கள் கூடாது என்றார்கள். இழுபறியில் 2004-05 சீசன் ஓர் ஆட்டம்கூட நடக்காமல் ரத்தானது. அடுத்த சீசனில் வரம்பு அமலானபோது அதன் அளவு 3 கோடியே 90 லட்சம் டாலர். 2020-21-ல் அது 8 கோடியே 15 லட்சம் டாலராக வளர்ந்திருந்தது.

பதில் டீச்சர் கணக்கு

வேகமும் மோதலும் நிறைந்த விளையாட்டு இது. எலும்பு முறிவது சகஜம். பெரிய சம்பளக்காரர் ஒருவர் படுத்துவிட்டால் அணி என்ன செய்யும்? அவர் சம்பளத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். வரம்பில் மிச்சம் இல்லாததால் மாற்று ஆளையும் எடுக்க முடியாது. அடி மேல் அடி!

இதற்குத்தான் 'நீண்டகாலக் காயப் பட்டியல்' என்ற சலுகை. குறைந்தது 10 ஆட்டங்கள், 24 நாள்கள் ஆட முடியாத வீரரை இதில் சேர்க்கலாம். அவருடைய சம்பளத்தின் அளவுக்கு அணி வரம்பைத் தாண்டிச் செலவிடலாம். பிரசவ விடுப்பில் போன டீச்சருக்குப் பதிலாகப் பள்ளி தற்காலிகமாக ஒருவரை வைத்துக்கொள்வதில்லையா, அதே நியாயம்தான். பழைய டீச்சர் திரும்பினால் பதில் டீச்சருக்கு இடமில்லை. அதுபோல, குணமான வீரர் திரும்பும்போது அணி மறுபடி வரம்புக்குள் வந்துவிட வேண்டும்.

ஓட்டை எங்கே?

இங்கேதான் சூட்சுமம். வீரர்களின் சம்பளம் லீக் சுற்றுக்கு மட்டும்தான். பிளே ஆஃப் ஆட்டங்களுக்குத் தனிப் பரிசுத் தொகைதான் உண்டு. அதனால் பிளே ஆஃபில் சம்பள வரம்பும் இல்லாமல் இருந்தது. லீக் சுற்று முடிந்த பிறகு காயக்காரர் திரும்பினால், பழைய டீச்சர், பதில் டீச்சர் இருவருமே வகுப்பில் இருக்கலாம்!

2015-ல் சிகாகோ அணியின் பேட்ரிக் கேனுக்குக் காறை எலும்பு முறிந்தது. 12 வாரம் ஆகும் என்றார்கள். கிடைத்த இடத்தில் அன்ட்வான் வெர்மெட் உள்ளிட்டவர்களை அணி வாங்கியது. கேன் ஏழே வாரத்தில், பிளே ஆஃப் முதல் ஆட்டத்துக்கே வந்துவிட்டார். கோப்பை சிகாகோவுக்கு!

குசெரோவ் கதை இன்னும் பெரிது. 2020 டிசம்பர் இறுதியில் அவருக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை. அவருடைய 95 லட்சம் டாலர், சலுகைக் கணக்குக்குப் போனது. லீக் சுற்றின் 56 ஆட்டங்களில் ஒன்றில்கூட அவர் ஆடவில்லை. பிளே ஆஃப் முதல் ஆட்டத்தில் இறங்கி இரண்டு கோல் அடித்தார். அந்த பிளே ஆஃபில் 32 புள்ளிகளுடன் எல்லோரையும் முந்தினார். லீக் நிர்வாகம் விசாரித்தது. தவறு எதுவும் இல்லை என்றது.

2023-ல் வேகாஸ் கேப்டன் மார்க் ஸ்டோன், 2025-ல் ஃப்ளோரிடாவின் மேத்யூ கச்சக். இவர்களும் பிளே ஆஃப் முதல் ஆட்டத்தில் திரும்பினார்கள். இவர்களுடைய அணிகளும் கோப்பை வென்றன. நீ தடுக்கில் பாய்ந்தால் நான் கோலத்தில் பாய்வேன் என்று மற்ற அணிகளும் கணக்குப் போட்டன.

இதில் அடிபட்டது வீரரின் பெயர்தான். ஸ்டோனுக்கு ஒரு வருடத்துக்குள் முதுகில் இரண்டு அறுவை சிகிச்சைகள். அவ்வளவு வலியில் கிடந்தவரையும், நடிக்கிறார் என்று கிண்டல் செய்தார்கள்.

ஆடாத வீரர், ஓடும் ஒப்பந்தம்

இதற்கு இன்னொரு முகமும் உண்டு. பிலடெல்பியாவின் கிறிஸ் பிராங்கர் கடைசியாக ஆடியது 2011-ல். கண்ணிலும் தலையிலும் பட்ட அடி அவரை மைதானத்திலிருந்தே வெளியேற்றியது. ஆனால், அவர் ஓய்வை அறிவிக்கவில்லை. அறிவித்தால் அவர் சம்பளம் சலுகையில்லாமல் அணியின் கணக்கில் ஏறிவிடும். 2014-ல் லீக் அலுவலகத்திலேயே வேலைக்குச் சேர்ந்தார். 2015-ல் அவருடைய ஒப்பந்தம் அரிசோனா அணிக்குக் கைமாறியது. அதே ஆண்டு, ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்போதே, புகழ்பெற்ற முன்னாள் வீரர்களுக்கான கௌரவமும் அவருக்குக் கிடைத்தது!

கதவைச் சாத்திய லீக்

2025-ல் வீரர்கள் சங்கமும் லீக்கும் புதிய ஒப்பந்தம் செய்தன. 2025-26 முதல் பிளே ஆஃபிலும் வரம்பு உண்டு. ஒவ்வோர் ஆட்டத்திலும் களமிறங்கும் 20 பேரின் சம்பளக் கணக்கு அதற்குள் அடங்க வேண்டும். காயப்பட்டவர் அதே சீசனில் திரும்புவார் என்றால், அவர் எவ்வளவு பெரிய சம்பளக்காரராக இருந்தாலும், லீக்கின் சராசரிச் சம்பளமான சுமார் 38 லட்சம் டாலர் வரைதான் சலுகை. முழுச் சலுகை வேண்டுமா? பிளே ஆஃப் உட்பட அந்த சீசனில் அவர் திரும்பவே மாட்டார் என்று அணி எழுதிக் கொடுக்க வேண்டும்.

சந்தேகம் தீர்ந்தது, சங்கடம் தீரவில்லை. பிப்ரவரியில் கால் முறிந்த வீரர், ஏப்ரலுக்குள் குணமாகிவிடலாம் என்று நம்பிக்கொண்டிருப்பார். அவருக்காகக் காத்திருப்பதா, முழுச் சலுகையை வாங்கி வேறொருவரைச் சேர்ப்பதா என்று அணி அப்போதே முடிவெடுக்க வேண்டும். எலும்பு கூடும் நாளை டாக்டராலேயே உறுதியாகச் சொல்ல முடியாது. அணியின் கணக்கருக்கோ இன்றே பதில் வேண்டும்.