உணவை வளர்த்த பின்னரே கடல் மீனை வாங்குவோம்

வரவேற்பறையில் கடல்நீர்த் தொட்டியொன்றை வைத்து வண்ண மீன்களை நீந்தவிட்டு மகிழும் ஆர்வம் நம் நாட்டிலும் பலரிடம் காணப்படுகின்றது. தொட்டிக்கும் விளக்குக்கும் வடிகட்டிக்கும் தாராளமாகச் செலவிடுவோர், மீன் எதை உண்ணும் என்பதை அதனை வாங்கிய பின்னரே சிந்திக்கின்றனர். நீரின் தரம் நன்றாக இருந்தும் மீன் நாளுக்கு நாள் மெலிந்து மடிவதற்குப் பசி ஒரு முக்கிய காரணம் என்பதைப் பலர் உணர்வதில்லை.

நன்னீர் அலங்கார மீன்களுள் பெரும்பாலானவை பண்ணைகளில் பிறந்து, குஞ்சுப் பருவம் முதலே உலர் உணவுக்குப் பழகியவை. கடல் அலங்கார மீன்களின் நிலை வேறு. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை முருகைக் கற்பாறைகளிலிருந்து பிடித்து வரப்படுபவை. அசையும் இரையை மாத்திரமே உணவென அறிந்த பல மீன்கள் உலர் உணவைத் திரும்பியும் பார்ப்பதில்லை. கடற்குதிரை இதற்குச் சிறந்த உதாரணமாகும். இரைப்பை இல்லாத அவ்வுயிரினம் ஒரு நாளில் பல தடவைகள் உண்டாக வேண்டும்.

இத்தகைய மீன்களுக்காக வீட்டில் வளர்க்கக்கூடிய உயிருணவுகளுள் எளிதானது ஆர்ட்டீமியா. உப்பளங்களிலும் உப்பேரிகளிலும் வாழும் இறால் போன்ற இச்சிற்றுயிர், புத்தளம் உப்பளங்களிலும் இருப்பதாக ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். மீன் குஞ்சுகளுக்கு இதனை உணவாக்கலாம் என்பதை 1933 இல் அமெரிக்காவின் சீலும் 1939 இல் நோர்வேயின் ரொலெப்சனும் எடுத்துக்காட்டினர். இதன் உலர்ந்த முட்டைகள் பல வருடங்கள் உறங்குநிலையில் இருக்கவல்லவை.

அவற்றைப் பொரிக்கச் செய்வது கடினமன்று. தலைகீழாகக் கவிழ்த்து அடிப்பாகம் வெட்டப்பட்ட பிளாஸ்டிக் போத்தலில், லீற்றருக்கு 25 முதல் 35 கிராம் வரை கல்லுப்புக் கரைத்த நீரை நிரப்பி, அரைத் தேக்கரண்டி முட்டை இட்டு, காற்றுப் பம்பியால் இடைவிடாது காற்றூட்ட வேண்டும். வெளிச்சமும் 26 முதல் 28 பாகை செல்சியஸ் வெப்பமும் இருப்பின் சுமார் 24 மணித்தியாலங்களில் குஞ்சுகள் வெளிவரும். பின்னர் காற்றை நிறுத்தி, போத்தலின் கீழ்ப்பகுதியில் ஒளி படச் செய்தால், வெற்றுக் கோதுகள் மேலே மிதக்க, குஞ்சுகள் ஒளியை நாடித் திரளும். அவற்றை மாத்திரம் குழாயால் உறிஞ்சியெடுத்து, நன்னீரில் அலசிக் கொடுக்க வேண்டும். கோதுகள் கலந்தால் சிறு மீன்களின் குடல் அடைபடக்கூடும்.

பொரித்த சில மணித்தியாலங்களுக்குள் கொடுப்பதே சிறந்தது. நேரம் செல்லச் செல்ல, குஞ்சு தன்னுள் இருக்கும் கருவூணைச் செலவிட்டுச் சத்திழக்கின்றது. கடல் மீன்களுக்கு இன்றியமையாத சில கொழுப்பமிலங்களும் இதில் குறைவு. ஆதலால் நீண்ட காலம் இதனையே கொடுப்போர், வாய் திறந்த குஞ்சுகளுக்கு முதலில் நுண் அல்காக்களை ஊட்டி, அதன் பின்னரே மீனுக்கு இடுதல் வேண்டும்.

மீன் இனப்பெருக்கம் செய்ய விரும்புவோருக்கு ஆர்ட்டீமியா மாத்திரம் போதாது. கோமாளி மீனின் முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சின் வாய்க்கு அது பெரியது. முதற் சில நாட்களுக்கு, மில்லிமீற்றரில் பத்திலொரு பங்கு முதல் மூன்று பங்கு வரையேயான ரொட்டிபர் எனும் நுண்விலங்கே தேவை. ஜப்பானில் விலாங்கு மீன் குளங்களில் தொல்லையாகக் கருதப்பட்ட இவ்வுயிர், பின்னர் மீன் குஞ்சு வளர்ப்பின் அடிப்படை உணவாகியமை வியப்புக்குரியது. பச்சை அல்கா நீரிட்ட வாளியில் இது விரைந்து பெருகும். ஈஸ்ட்டும் இதற்கு உணவாகும். ஆனால் சற்றுக் கூடினாலும் நீர் பழுதடைந்து முழு வளர்ப்பும் ஓரிரவில் அழிந்துவிடும். எனவே இரண்டு வாளிகளில் வெவ்வேறாக வளர்ப்பதும், ஒன்றில் பயன்படுத்திய வலையை மற்றதில் இடாதிருப்பதும் அவசியமாகும்.

2022 ஆம் ஆண்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் வரை மின்வெட்டை அனுபவித்த நமக்கு, காற்றுப் பம்பி நின்றால் என்னவாகும் என்பதை விளக்கத் தேவையில்லை. பற்றரியில் இயங்கும் சிறு பம்பியொன்று கைவசம் இருப்பது நன்று.

இவையெல்லாம் வீண் சிரமம் எனச் சிலர் கருதலாம். ஆனால் 1998 இல் கடல் வெப்பமடைந்து முருகைக் கற்பாறைகள் வெளிறிய அழிவை ஹிக்கடுவையிலும் கற்பிட்டியை அண்டிய கடலிலும் கண்ட நாடு இது. பசியால் இறந்த ஒவ்வொரு மீனுக்கும் பதிலாக மற்றொன்று அக்கற்பாறைகளிலிருந்தே பிடிக்கப்படுகின்றது. குஞ்சுக்குரிய உணவை வளர்க்கத் தெரிந்தவனே மீனை வீட்டில் பெருக்கவும் வல்லவன்.

பூனையொன்றை அடைத்துவைத்து உணவளிக்காது சாகவிட்ட பெண் தண்டனைக்குள்ளானதை ஹதீஸ் கூறுகின்றது. வாயில்லாச் சீவனைப் பட்டினி போடுவது பாவம் என்பது நம் அனைவரது வீடுகளிலும் சொல்லப்பட்டு வருவதே. கண்ணாடிக்குள் அடைபட்ட மீனுக்கும் அது பொருந்தும். ஆகவே, முதலில் ஒரு போத்தலில் ஆர்ட்டீமியாவைப் பொரித்துப் பார்ப்போம். ஒரு மாதம் தவறாது அதனைச் செய்ய முடிந்தவர் கடல் மீனை வாங்கட்டும். முடியாதவர் அதனைக் கடலிலேயே விட்டுவைப்பதே முறையாகும்.