இறந்தகால உருபின் ஒலித்திரிபு: ஆங்கில ஒழுங்குவினையும் தமிழ் இடைநிலையும்
(தருமபுரி நடுகற்களின் ‘பட்டான்’ என்னும் வினைமுற்றை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கில ஒழுங்குவினைகளின் இறந்தகால விகுதி எழுத்தில் ஒன்றாகவும் ஒலியில் மூன்றாகவும் அமைகிறது. தமிழின் இறந்தகால இடைநிலையும் தனக்கு முன்னுள்ள ஒலிக்கேற்பத் திரிகிறது. இவ்விரு திரிபுகளையும் ஒப்பிட்டு, தமிழ்வழி மாணவரின் ஒலிப்புப் பிழைக்குரிய காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஒழுங்குவினை, இடைநிலை, ஒலித்திரிபு, மெய்ம்மயக்கம், நடுகல்.

முன்னுரை

1965இல் உருவாகி, 2004இல் கிருஷ்ணகிரி தனியே பிரிந்த தருமபுரி மாவட்டம் நடுகற்களுக்குப் பெயர்பெற்றது. ஆநிரை கவர்தலிலும் மீட்டலிலும் உயிர்நீத்த வீரரைக் குறிக்கும் கல்வெட்டுகளில் ‘பட்டான்’ என்னும் வினைமுற்று மீண்டும் மீண்டும் வருகிறது. ‘படு’ என்னும் பகுதி காலம் காட்டுங்கால் ‘பட்டு’ என இரட்டிக்கும் இவ்வடிவம், ஆங்கில வினையின் இறந்தகாலத்தை விளக்குவதற்கும் துணைசெய்கிறது.

ஆங்கில ஒழுங்குவினையின் அமைப்பு

ஆங்கில ஒழுங்குவினை நான்கு வடிவங்களையே உடையது. ‘வாக்’ என்னும் வினை வாக், வாக்ஸ், வாக்கிங், வாக்ட் என வரும். எதிர்காலத்திற்குத் தனி விகுதி இல்லை. ‘வில்’ என்னும் துணைவினை அதனை உணர்த்தும். இறந்தகால வடிவம் திணை, பால், எண், இடம் எவற்றாலும் மாறாது. தமிழிலோ காலத்தை இடைநிலையும், திணை, பால், எண், இடங்களை விகுதியும் உணர்த்துகின்றன. ‘நடந்தேன்’, ‘நடந்தாள்’, ‘நடந்தன’ என்பவற்றுக்கு ஆங்கிலம் ‘வாக்ட்’ என்னும் ஒரே வடிவத்தைக் கொள்கிறது. எனவே ஆங்கில வினையைக் கற்பதிலுள்ள இடர்ப்பாடு வடிவங்களின் பெருக்கத்தால் அன்று, ஒலிப்பால் நேர்வதாகும்.

ஒரே விகுதி, மூன்று ஒலிகள்

‘ஈ’, ‘டி’ என்னும் இரண்டு எழுத்துகளால் எழுதப்படும் இறந்தகால விகுதி மூன்று வகையாக ஒலிக்கும். ஒலிப்பிலா ஒலியில் முடியும் வினைகளை அடுத்து அது ஒலிப்பிலா வெடிப்பொலியாகும் (வாக்ட், ஸ்டாப்ட்). உயிரிலோ பிற ஒலிப்புடை ஒலியிலோ முடியும் வினைகளை அடுத்து ஒலிப்புடை வெடிப்பொலியாகும் (பிளேட், ஓபன்ட்). வினை ‘டி’ எழுத்தின் ஒலியிலோ ‘ட்டீ’ எழுத்தின் ஒலியிலோ முடிந்தால் மட்டுமே இடையில் ஓர் உயிர் தோன்றும் (வாண்டட், நீடட்). நிகழ்காலப் படர்க்கை ஒருமைக்குரிய ‘எஸ்’ விகுதியும் இத்தகைய நெறியில் மூன்று ஒலிகளைப் பெறுகிறது.

தமிழில் இணையான திரிபு

நன்னூல் இறந்தகால இடைநிலைகளாகத் த், ட், ற், இன் என்பவற்றைக் கூறும். செய்தான், உண்டான், தின்றான் ஆகியவற்றில் முறையே த், ட், ற் வருகின்றன. இம்மூன்றையும் ஒரே உருபின் மாற்றுவடிவங்களாக மொழியியலார் கொள்வர். ணகரத்தை அடுத்து டகரமும் னகரத்தை அடுத்து றகரமும் வருதல் முன்னொலிக்கு இயைந்த திரிபாகும். ஆங்கிலத்திலும் முன்னொலியே விகுதியின் ஒலியை முடிவுசெய்கிறது. வேறுபாடு வரிவடிவத்தில் உள்ளது: தமிழ் இத்திரிபை எழுத்தில் காட்டுகிறது, ஆங்கிலம் மறைக்கிறது.

‘பட்டான்’ மற்றுமொரு வேறுபாட்டைத் தெளிவாக்குகிறது. ‘விட்டான்’, ‘பெற்றான்’ என்பனபோல இங்கும் பகுதி இரட்டித்து இறந்தகாலம் காட்டுவதாக மரபிலக்கணம் கூறும். ஓரினமான இரு வெடிப்பொலிகள் ஒன்றுகூடும் இத்தகைய இடத்தில் தமிழ் இரட்டிப்பை ஏற்கிறது. ஆங்கிலத்தில் ஒரு சொல்லின் இறுதியில் அத்தகைய இரட்டிப்பு ஒலி அமையாததால், ‘வாண்டட்’ என உயிர் இடைபுகுகிறது.

பிழையின் காரணம்

தமிழ்வழி மாணவர் பலர் ‘வாக்ட்’ என்பதனை ‘வாக்கெட்’ என ஒலிக்கின்றனர். தமிழ் மெய்ம்மயக்க விதிப்படி க், ச், த், ப் ஆகியவை தம் மெய்யுடனன்றிப் பிற மெய்யுடன் மயங்குவதில்லை. ‘க்ட்’, ‘ப்ட்’ என்பன தமிழ்ச்சொற்களில் இடம்பெறா. ஆகவே மாணவர் உயிரொன்றை இடையிடுகின்றனர் எனக் கருத இடமுண்டு. ஆனால் அதுவே முழுக் காரணமாகாது. ‘கான்ட்ராக்ட்’ என்னும் கடன்சொல்லைப் பேச்சில் ‘கான்ட்ராக்டு’ என இயல்பாகக் கூறுவோரும், ‘வாக்ட்’ என்பதனை ‘வாக்கெட்’ எனப் படிக்கின்றனர். நாவுக்கு இயலும் ஒலியைக் கண் தடுக்கிறது. எழுத்தும் ஒலியும் பெரிதும் ஒத்துச்செல்லும் தமிழ் வாசிப்புப் பழக்கத்தால் ‘ஈ’ எழுத்து உயிராகவே படிக்கப்படுகிறது.

ஒலிப்புடை வகையில் தமிழே துணைநிற்கிறது. ‘உண்டான்’ என்பதில் மெல்லினத்தை அடுத்த டகரமும், ‘நாடு’ என்பதில் உயிர்களுக்கு இடைப்பட்ட டகரமும் ஒலிப்புடையனவாக ஒலிக்கின்றன. ‘கேட்டான்’ என்பதன் இரட்டித்த டகரமோ ஒலிப்பிலாதது. இவ்வேறுபாட்டை அறியாமலே கையாளும் மாணவருக்கு ‘ஓபன்ட்’, ‘வாக்ட்’ ஆகியவற்றின் இறுதியொலி வேறுபாடு முற்றிலும் புதிதன்று.

கற்பித்தல் நெறி

ஒழுங்குவினைப் பட்டியலை மனனம் செய்விப்பதற்கு முன், பகுபத உறுப்பிலக்கணத்தில் மாணவர் பயின்ற உண்டான், தின்றான், கேட்டான் என்பவற்றை முதலில் ஒலிக்கச் செய்யலாம். ஆங்கில வினைகளையும் அவற்றின் இறுதியொலி கொண்டு மூன்று தொகுதிகளாகப் பிரித்து, எழுத்தைக் காட்டுமுன் செவிவழிப் பயிற்றலாம். ‘க்ட்’ என்பதற்குக் ‘கான்ட்ராக்ட்’ என்பதும் ‘ஸ்ட்’ என்பதற்கு ‘டெஸ்ட்’ என்பதும் பழகிய அளவைகளாக உதவும். உயிர் எப்போது வரும் என்னும் ஒரு விதியை மட்டும் புதிதாகக் கற்பித்தால் போதும்.

முடிவுரை

‘வாக்கெட்’ என்பது அறியாமையின் விளைவு அன்று. எழுதியவாறே படிக்கும் தமிழ் மரபினை வேற்றுமொழி எழுத்தின்மேல் ஏற்றிப் பார்ப்பதன் விளைவு. அதனைத் திருத்தும் கருவியும் மாணவரின் தாய்மொழி இலக்கணத்திலேயே உள்ளது. தமிழாசிரியர் வகுப்பில் விளக்கும் இடைநிலைத் திரிபை ஆங்கில ஆசிரியரும் எடுத்தாண்டால், தனித்தனியே கற்பிக்கப்படும் இரு இலக்கணங்களும் ஒன்றற்கொன்று துணையாகும்.