கண்ணுக்குள் புகும் மண்கிருமி

இறைவன் மனிதனுக்கு வழங்கிய அருட்கொடைகளுள் கண் தலையாயது. அக்கண்ணின் ஒளியைப் பறிக்கவல்ல நுண்ணுயிர் ஒன்று, நாம் நாள்தோறும் மிதிக்கும் மண்ணிலேயே வாழ்கிறது. அதன் பெயர் நோக்கார்டியா. 1888ஆம் ஆண்டில் எட்மண்ட் நோக்கார் என்னும் பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர், மாடுகளைப் பற்றிய நோயொன்றில் இவ்வினத்தை முதன்முதலாகக் கண்டறிந்தார். அவர் பெயரே அதற்கு நிலைத்தது.

இக்கிருமி கண்ணை அடையும் வழிகள் இரண்டு. ஒன்று புறவழி. கரும்புச் சோகை கருவிழியைக் கீறினாலோ, மண் தெறித்து விழுந்தாலோ, அக்காயத்தின் வழியே புகுந்து புண்ணை உண்டாக்கும். கரும்பு வயல்கள் சூழ்ந்த நெல்லிக்குப்பத்தார் இதனை அறிந்திருத்தல் நன்று. மற்றொன்று அகவழி. மூச்சுக்காற்றுடன் நுரையீரலை அடைந்து, குருதியிற் கலந்து, விழித்திரையின் அடியில் சீழ்க்கட்டியாகத் திரளும். இது மிக அரிது. மாற்றுச் சிறுநீரகம் பெற்றோர், ஸ்டீராய்டு மாத்திரையை நெடுநாள் உட்கொள்வோர், எய்ட்ஸ் நோயுற்றோர் போன்ற எதிர்ப்பாற்றல் குன்றியவரையே பெரிதும் தாக்குகிறது. காவலர் அயர்ந்த கோட்டையில் பகைவன் நுழைவது எளிதன்றோ!

இந்நோயை அறிவதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. நுண்ணோக்கியில் கிளைத்த இழைகளாகத் தோன்றுவதால், இப்பாக்டீரியாவைப் பூஞ்சை என மயங்க இடமுண்டு. ஆய்வுத்தட்டிலும் இது மெதுவாகவே வளரும். பூஞ்சைக்குரிய மருந்தோ இதனைக் கொல்லாது. ஆதலால் புண்ணைச் சுரண்டியெடுத்துச் சோதித்து, கிருமி இன்னதெனத் தெளிதல் இன்றியமையாதது.

தெளிந்தபின் மருத்துவம் உண்டு. கருவிழிப் புண்ணுக்கு அமிக்காசின் சொட்டுமருந்து பெரிதும் பயன்படுகிறது. அகவழி வந்த நோய்க்குச் சொட்டுமருந்து மட்டும் போதாது. கண்ணுக்குள்ளேயே ஊசிவழி மருந்து செலுத்துவர். கோ-டிரைமாக்சசோல் போன்ற மருந்துகளைப் பல மாதங்கள் கொடுப்பர். சிலருக்கு அறுவையும் வேண்டியிருக்கும். நுரையீரலையும் மூளையையும் உடன் சோதிப்பர். ஏனெனில் கண்ணில் கண்டது உடலெங்கும் பரவிய நோயின் ஓர் அடையாளமாக இருக்கலாம்.

இங்கு நம் கவனத்திற்குரிய ஆய்வொன்று உண்டு. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, அமெரிக்க மருத்துவ நிறுவனங்களுடன் இணைந்து, 2006 முதல் 2010 வரை கருவிழியில் பாக்டீரியாப் புண் கண்ட 500 பேரை ஆய்வில் சேர்த்தது. எல்லோருக்கும் கிருமிக்கொல்லி தரப்பட்டது; ஒரு சாராருக்கு ஸ்டீராய்டுச் சொட்டும் சேர்க்கப்பட்டது. ஓராண்டின் முடிவில், ஏனைய பாக்டீரியாப் புண்களில் ஸ்டீராய்டால் சிறிது நன்மை தெரிந்தது. நோக்கார்டியாப் புண்ணிலோ தழும்பு பெரிதாயிற்று. ஒருவருக்கு உதவிய மருந்தே மற்றொருவருக்குத் தீங்காயிற்று.

கண் சிவந்தவுடன் மருந்துக்கடையில் தாமே சொட்டுமருந்து கேட்டு வாங்குவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். எதிர்ப்பாற்றல் குன்றியோர் பார்வை மங்கல், வலி, சிவப்பு ஆகியவற்றைக் கண்டால் அன்றே கண் மருத்துவரை நாடுதல் வேண்டும்; தாம் உண்ணும் மருந்துகள் அனைத்தையும் கூறுதல் வேண்டும்; அவற்றைத் தாமாக நிறுத்துதல் கூடாது. நம் பகுதியினர்க்குக் கடலூர்ச் சாலையில் தவளக்குப்பத்தில் 2003 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இயங்கி வருகிறது.

பிணிக்கு மருந்து தேடுமாறு பணித்தவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். பிணியின் காரணத்தை ஆராய்ந்த பின்னரே அதனைத் தணிக்க முனைய வேண்டும் என்று 'மருந்து' அதிகாரத்தில் வகுத்தவர் வள்ளுவர். மாணவச் செல்வங்களே! தேடுதலும் ஆராய்தலும் ஒருங்கே அமைந்தால், இறையருளால் பல கண்கள் ஒளி இழவாமல் காக்கப்படும். இச்செய்தியை உங்கள் இல்லத்துப் பெரியோரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.