பைலட்டுக்கு ஏன் மறுபடி மறுபடி பரீட்சை?

புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்கு பஸ்ல போனா ஏர்போர்ட்டைத் தாண்டித்தான் போவோம். 2018 அக்டோபர் 12, நள்ளிரவு தாண்டிய நேரம். அங்கிருந்து துபாய் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், எழும்பும்போதே சுற்றுச்சுவரை இடிச்சுட்டுப் பறந்தது. உள்ளே 136 பேர். நல்லவேளை, மும்பையில் பத்திரமா இறக்கிட்டாங்க.

விசாரணையில் தெரிஞ்சது இதுதான்: ஓடுபாதையில் வேகம் எடுக்கும்போது கேப்டன் சீட்டின் சாய்மானம் திடீர்னு பின்னால் போயிடுச்சு. த்ராட்டிலில் இருந்த அவர் கையும் கூடவே பின்னால் வர, எஞ்சின் விசை குறைஞ்சது. சீட் எப்ப வேணா பழுதாகலாம். ஆனா விசை குறைஞ்சதை ரெண்டு பைலட்டுமே கவனிக்கலை. எதிரே இருந்த மீட்டர் அதைக் காட்டிட்டுதான் இருந்தது.

பைலட் பயிற்சி கறாரா இருக்கறது இதுக்காகத்தான். நம்ம நாட்டில் கமர்ஷியல் லைசென்ஸ் வாங்க குறைஞ்சது 200 மணி நேரம் பறந்திருக்கணும். அதில் 100 மணி நேரம் விமானத்தின் முழுப் பொறுப்பும் உங்க கையில். நேவிகேஷன், வானிலை, விமான விதிகள்னு டிஜிசிஏ நடத்தும் ஒவ்வொரு பேப்பரிலும் 70 சதவீதம் எடுத்தாதான் பாஸ்.

லைசென்ஸ் வந்ததும் முடிஞ்சுதான்னா, இல்லை. ஏர்லைன் பைலட்டுக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவை திறன் சோதனை உண்டு. சிமுலேட்டரில் உட்கார வெச்சு, டேக்ஆஃப் நேரத்தில் ஒரு எஞ்சினை அணைச்சு விடுவாங்க. பதில் தெரியுமாங்கறது அங்கே கேள்வி இல்லை. பதற்றத்திலும் கண் மீட்டரைப் பார்க்குதா, கை சரியான வரிசையில் வேலை செய்யுதா, பக்கத்து பைலட் தப்பைச் சொல்றாரான்னுதான் பார்ப்பாங்க. பழக்கம் நாளாக ஆகத் தேயும். அதனால்தான் திரும்பத் திரும்ப சோதனை.

இதில் குறுக்கு வழி தேடினவங்களும் உண்டு. 2011-ல் போலி மார்க் ஷீட் கொடுத்து லைசென்ஸ் வாங்கிய சில பைலட்கள் டெல்லியில் கைதானாங்க. அவங்க பின்னால் உட்கார்ந்து போன பயணிகளுக்கு அது தெரிஞ்சிருக்க வாய்ப்பே இல்லை.

பைலட்டோட லாக் புக் மாதிரிதான் நம்ம லேப் ரெக்கார்டும். எடுக்காத ரீடிங்கை எழுதறது இன்னிக்கு சின்ன விஷயமாத் தெரியும். நாளைக்கு நாம டெஸ்ட் பண்ணினதா கையெழுத்துப் போடற பிரேக்கை நம்பி யாரோ ஒருத்தர் வண்டி ஓட்டுவாரே, மக்களே!