மார்கழிக்கு ஒரு நீலப் போர்வை



அடைமழை ஓய்ந்து மார்கழி பிறந்துவிட்டால், திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பக்கம் விடியற்காலையில் வெப்பம் 20 டிகிரி செல்சியஸை ஒட்டி இறங்கிவிடும். நமக்கு அது ஒரு சால்வையில் அடங்கும் குளிர். பிரசவ வார்டில் அப்போதுதான் பிறந்த குழந்தைக்கு அப்படியல்ல. ஈர உடம்போடு பிறக்கிறது. எடை குறைந்த குழந்தைக்குத் தோலுக்கடியில் கொழுப்பும் குறைவு. உடல் வெப்பம் 36.5 டிகிரிக்குக் கீழே போனாலே அது குளிர்ந்துவிட்ட குழந்தை என்று உலக சுகாதார நிறுவனம் கொள்கிறது. அப்படிக் குளிர்ந்த குழந்தை பால் குடிக்கச் சோம்பும். மூச்சும் தடுமாறக்கூடும்.

இதனால்தான் தொற்காள் சங்கத்துச் சகோதரிகளிடம் ஒட்டுத்துணிப் போர்வைகள் கேட்கிறோம். (எல்லைப்புறத்தில் தெலுங்கு பேசும் வீடுகளில் பழம்புடவைகளை அடுக்கித் தைத்து 'பொந்த' என்பார்களே, அதேதான்.) குளிர் நாடுகளில் குளிர்காலப் போர்வைக்கு நீலத் துண்டுகளைத் தேடிச் சேர்ப்பார்கள்; பனியின் நிழல் அவர்கள் கண்ணுக்கு நீலம். நமக்குப் பனிக்கட்டி இல்லாவிட்டாலும் நீலத்துக்குப் பஞ்சமில்லை. பொன்னேரி வட்டத்துப் பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613இல் கோட்டை கட்டியதே சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிக்காகத்தான். அவுரிச் சாயம் தோய்த்த துணிகளும் அந்த வியாபாரத்தில் அடக்கம். ஆங்கிலத்தில் கட்டம் போட்ட வண்ணக் கைக்குட்டைக்கே 'புலிகாட்' என்று அவ்வூர்ப் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆனால் அவுரி நீலத்துக்கு ஒரு குணம் உண்டு. அது தண்ணீரில் கரையாத சாயம். தொட்டியில் பக்குவப்படுத்திக் கரைக்கும்போது பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும். துணியை வெளியே எடுத்துக் காற்றுப் பட்டதும் நீலமாகும். நூலின் மேற்பரப்பில்தான் பெரும்பாலும் படிகிறது. ஆகையால் உரசினால் உதிரும், கையில் ஒட்டும். ஜீன்ஸ் துணி வெளுப்பதும் இதனால்தான். 1897 முதல் விற்பனைக்கு வந்த செயற்கை அவுரியும் இதே பொருள்தான். எனவே கருநீலத் துணி எதுவானாலும், தைக்கும் முன்பு தனியாக, தண்ணீர் தெளியும்வரை பலமுறை அலசுங்கள். புதுத்துணி சுருங்குவதும் அதிலேயே தீர்ந்துவிடும்.

சிப்காட் ஆலைகளில் வேலை செய்வோர் வீட்டிலிருந்து பழைய நீலச் சீருடைகளைத் தர விரும்புகிறவர்கள் உண்டு. அந்த அன்புக்கு நன்றி. ஆயினும் அவை வேண்டாம். எண்ணெயும் இரசாயனமும் ஊறிய துணி எத்தனை துவைத்தாலும் குழந்தைக்கு ஆகாது. பாலியஸ்டர் கலந்தது வியர்வையையும் உறிஞ்சாது.

நீலம் மேற்புறத்துக்கு மட்டும். வெளிர்நீலமும் கருநீலமும் மாற்றி மாற்றி வைத்தால் பார்வைக்கு நன்றாயிருக்கும். உட்புறம் மெத்தென்ற வெள்ளை வேட்டித் துணியாக இருக்கட்டும். தொப்புள்கொடியில் இரத்தம் கசிந்தால் வெள்ளையில்தான் நர்ஸ் கண்ணில் உடனே படும், கருநீலத்தில் தெரியாது. நடுவில் இலவம் பஞ்சு வைக்காதீர்கள், துவைத்ததும் திரண்டு கட்டியாகிவிடும். பழைய நூல் புடவை இரண்டு மடிப்புப் போதும். அடுக்குகளுக்கிடையே தங்கும் காற்றுதான் சூட்டைக் காக்கிறது. மூன்று விரல் இடைவெளியில் ஓட்டுத்தையல் போடுங்கள். பொத்தான், ஜரிகை, தொங்கும் நூல் எதுவும் கூடாது.

அளவு 5 அடிக்கு 6½ அடி. சிறு குழந்தைக்கு இவ்வளவு பெரிதா என்று சிலர் கேட்கிறார்கள். போர்வை சூட்டைக் காக்குமே தவிர உண்டாக்காது. குளிர்ந்த குழந்தையைத் தனியே சுற்றி வைத்தால் குளிராகவே இருக்கும். சூடு கொடுப்பது தாயின் மார்பு. 1978இல் கொலம்பியாவின் போகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் டாக்டர் எட்கர் ரே தொடங்கிய 'கங்காரு' முறை இதுதான்: குழந்தையைத் தாயின் தோலோடு தோலாக அணைத்து, தலைக்குத் தொப்பியிட்டு, இருவரையும் சேர்த்து மூடுவது. எடை குறைந்த குழந்தைகளுக்குப் பிறந்தவுடன் கூடிய விரைவில் இதைத் தொடங்கும்படி 2022இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. உங்கள் போர்வை தாய், பிள்ளை இருவருக்குமானது. குழந்தையின் முகத்தை மட்டும் மூடக்கூடாது. தனியே தூங்கும் குழந்தைமேல் தளர்வாகப் போடவும் கூடாது. இவற்றை வார்டில் தாய்மாருக்குச் சொல்லியே கொடுக்கிறோம். வடமாநிலங்களிலிருந்து ஆலை வேலைக்கு வந்த குடும்பங்களில் பக்கத்தில் பாட்டி இருப்பதில்லை. அவர்களுக்கு இன்னும் பொறுமையாய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தைத்து முடித்ததும் ஒருமுறை துவைத்து, நல்ல வெயிலில் காயவைத்து, கார்த்திகை முடிவதற்குள் உங்கள் சபைப் போதகரிடம் சேர்த்துவிடுங்கள். தைக்க நேரமில்லாதவர்கள் துவைத்த வெள்ளை வேட்டிகளைத் தந்தாலும் சந்தோஷமாய்ப் பெற்றுக்கொள்வோம். நீலத்தைவிட அதுதான் இப்போது குறைவாயிருக்கிறது.