குளக்கரைக் கணக்கு

ஜனவரி மாதம், விடிந்து கொஞ்ச நேரத்தில், திருநெல்வேலிப் பக்கம் ஏதாவது ஒரு குளக்கரையில் தொலைநோக்கியும் நோட்டுமாக நாலு பேர் நின்றால், அநேகமாக அது தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பாக இருக்கும். மணிமுத்தாறில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் 2011 முதல் தன்னார்வலர்களைக் கூட்டி இதை நடத்திவருகிறது.

முடிவு வந்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "போன வருஷத்தைவிடக் கூடவா, குறைவா?" இதற்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லக் கூடாது. குளம் பெருகி மறுகால் பாயும் ஆண்டில் பறவைகள் குறைந்ததுபோலத் தெரியும். தலையை மட்டும் நீருக்குள் விட்டு மேயும் ஊசிவால் வாத்துக்கும் கிளுவைக்கும் ஆழத் தண்ணீரில் இரை எட்டாது. உள்ளான்களுக்குக் கரையோரச் சேறு வேண்டும். அவையெல்லாம் ஆழம் குறைந்த நீர்நிலைகளுக்கும் வயல்களுக்கும் பிரிந்து போய்விடும். மழை பொய்த்த ஆண்டிலோ, தண்ணீர் மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு குளங்களில் மொத்தமாகக் குவிந்து, பெருகிவிட்டதாக நம்மை நம்பவைக்கும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது, அந்த வட்டாரத்தில் பல குளங்கள் உடைந்தன. அதற்கடுத்த ஜனவரியின் எண்ணிக்கையை முந்தைய ஆண்டுக்குப் பக்கத்தில் வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

அதனால்தான் அதே கரை, அதே மாதம் என்று வருஷக்கணக்கில் எண்ணுகிறார்கள். வலசை வந்த பறவைகள் ஜனவரியில் ஓரிடத்தில் தங்கியிருக்கும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் 1987 முதல் இதே மாதத்தில்தான் நடக்கிறது.

நீர்ப்பறவைகளை விடுங்கள். மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் பனங்காடையை யாரால் ஒவ்வொன்றாக எண்ண முடியும்? யாரும் எண்ணவில்லை. ஆனாலும் அது குறைந்துவருவதை 2023இல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை கண்டுபிடித்தது. உலக அளவில் அதன் அழிவு அபாயத்தை மறுபடி மதிப்பிட வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. சுமார் 30,000 பறவை ஆர்வலர்கள் தந்த மூன்று கோடிப் பதிவுகள் அதற்கு ஆதாரம். அவர்கள் தாங்கள் கண்ட பறவைகளை எழுதித் தந்த பட்டியல்களில் நூறை எடுத்தால் அவற்றில் எத்தனையில் பனங்காடை இருக்கிறது, அந்த விகிதம் ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறுகிறது என்று பார்த்தார்கள். ரொம்ப எளிய வழி. ஆனால் பட்டியல் முழுமையாக இருந்தால்தான் இது பலிக்கும். அபூர்வப் பறவையை மட்டும் குறித்துவிட்டு, "காக்கையை எதற்கு எழுதுவது?" என்று விடுபவரின் பட்டியல் இதற்கு உதவாது. பனங்காடையைக்கூட நேற்றுவரை சாதாரணப் பறவை என்றுதானே நினைத்திருந்தோம்!

இப்படி முழுப் பட்டியல் தர ஒரு வாய்ப்பாகத் தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பொங்கல் விடுமுறை நாட்களில், இருக்கும் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகள் அத்தனையையும் எண்ணி இ-பேர்ட் இணையதளத்தில் பதிய வேண்டும், அவ்வளவுதான். வரும் பொங்கலுக்கு உங்கள் ஊர்க் குளக்கரையில் நின்று எண்ணுங்கள். மைனாவையும் காக்கையையும் விடாதீர்கள். குளம் வெறுமையாகக் கிடந்தால், அதையும் தேதி போட்டு எழுதிவையுங்கள்.